சிறப்புரைக்கு முன் புறப்பட்ட பிரதம விருந்தினர்

என் கையில் மைக்கைக் கொடுத்தவர்கள் எல்லோரும் பிற்பாடு வருந்தியிருக்கிறார்கள். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்லாவிட்டால் என் மனைவி வதனி சொல்லுவாள், அது இன்னும் நீளமாக இருக்கும். லண்டனில் எங்கள் பழைய மாணவர் சங்கத்துக்குப் பல வருடங்களாக நான்தான் செயலாளர். ஒன்றுகூடல், கலைவிழா, ஊரிலிருந்து யாராவது வந்துவிட்டால் அவருக்குப் பாராட்டு விழா, எதுவாக இருந்தாலும் நிகழ்ச்சி நிரல் என்னுடையது. தொகுப்புரையும் என்னுடையது. (பொறுமை மட்டும் சபையினுடையது.)

பிழைப்புக்கு நான் வைத்தியன். வடமேற்கு லண்டனில் ஒரு பெரிய வைத்தியசாலையில், அவசரமாக வந்து சேரும் நோயாளிகளைப் பார்க்கும் பிரிவில் வேலை. இங்கே வைத்தியசாலை வைத்தியர்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகையினர் முறையான பயிற்சித் திட்டத்தில் இருப்பவர்கள். எந்த வருடம் எந்தப் பிரிவு, எந்தக் கிழமை வகுப்பு, யார் மேற்பார்வை என்று அவர்களுக்கு எல்லாம் எழுதிவைத்திருக்கும். ஒழுங்காகப் படித்தால் முடிவில் கொன்சல்டன்ட், அதாவது பிரிவுக்குப் பொறுப்பான நிபுண வைத்தியர், ஆகிவிடுவார்கள். இரண்டாவது வகை நாங்கள். பெரும்பாலும் வெளிநாடுகளில் படித்துவிட்டு வந்தவர்கள். அதே வார்ட், அதே ஷிப்ட், அதே நோயாளிகள், வகுப்பு மட்டும் கிடையாது. முதல் வகையினர் வகுப்புக்கு எழுந்து போகும்போது வார்டைப் பார்த்துக்கொள்ள யாராவது வேண்டுமல்லவா? அந்த யாராவதுதான் நாங்கள்.

எங்களுக்கும் கொன்சல்டன்ட் ஆக ஒரு வழி இருக்கிறது. செய்த வேலை, பெற்ற அனுபவம் எல்லாவற்றுக்கும் சான்று சேர்த்து, கட்டுக்கட்டாக ஒரு கோப்புத் தயாரித்து அனுப்பவேண்டும். அதில் எந்தப் பிரிவும் விடுபடக்கூடாது. சான்றுகள் பழசாகியும் விடக்கூடாது. வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் இதைச் செய்து முடிப்பவர்கள் மிகக் கொஞ்சப் பேர்தான்.

மேர்சி அந்தக் கொஞ்சப் பேரில் ஒருவராக வந்திருக்கவேண்டியவர். கானாவில் படித்தவர், எங்கள் பிரிவில் ஒன்பது வருடமாக ஒரே பதவியில் இருந்தார். கோப்பு முழுக்கத் தயார். ஒரே ஒரு குறை, தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்று மாதம் வேலை செய்திருக்கவேண்டும். அவருடைய இடத்துக்குப் போட ஆள் இல்லை என்று எங்கள் பிரிவு அவரை விட மறுத்துக்கொண்டே இருந்தது. அந்த வருட முடிவுக்குள் அந்த மூன்று மாதம் கிடைக்காவிட்டால் கோப்பில் பாதி பழசாகிவிடும். பிறகு அந்தப் பாதியைத் திரும்பவும் முதலிலிருந்து சேர்க்கவேண்டும். "விடுங்கள், ஆள் போடலாம்" என்று சொல்லக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார். அவர் வைத்தியசாலையின் மருத்துவ இயக்குநர்.

அந்த நேரம் பார்த்துத்தான் எங்களைப் போன்றவர்களின் பயிற்சியையும் முன்னேற்றத்தையும் கவனிக்க எங்களிலிருந்தே ஒரு பிரதிநிதியைத் தெரிவுசெய்யச் சொன்னார்கள். கூட்டத்தில் எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். நான் கையை உயர்த்தினேன். (மைக் இருக்கும் என்று நினைத்தேன்.) முதல் வேலையாக மதிய இடைவேளையில் ஒரு கூட்டம் வைப்பது, மருத்துவ இயக்குநரை அழைப்பது, மேர்சி எங்கள் வேண்டுகோளை எட்டு நிமிடத்தில் எடுத்துச் சொல்வது என்று முடிவானது. இயக்குநரின் காரியதரிசியிடமிருந்து பதில் வந்தது. பன்னிரண்டு முப்பதிலிருந்து பன்னிரண்டு ஐம்பது வரை அவர் எங்களுடன் இருப்பார்.

இந்தப் பதிலை நான் எங்கள் ஆட்கள் வாசிக்கிற மாதிரி வாசித்தேன். எங்கள் விழாக்களில் பிரதம விருந்தினராக வரச் சம்மதிக்கும் எவரும் "இருவது நிமிசம்தான் நிப்பன்" என்றுதான் சொல்லுவார். அது ஒரு அடக்கம். நாங்கள் "ஐயா, அப்பிடிச் சொல்லக்கூடாது" என்போம். அவர் வருவார், இருப்பார், சாப்பிடுவார், கடைசியில் கதிரை அடுக்கும்போதும் வாசலில் நின்று யாருடனாவது கதைத்துக்கொண்டிருப்பார். சொன்ன நேரத்துக்கு ஒருவரை எழுந்து போக விட்டால் அது அவரை அவமதித்த மாதிரி. ஆகவே ஒன்றேகால் மணித்தியாலத்துக்கு நிகழ்ச்சி நிரல் தயாரித்தேன். மங்கள விளக்கேற்றல், அகவணக்கம், வரவேற்புரை, பிரதம விருந்தினர் அறிமுகம், பொன்னாடை, தலைமையுரை, இரண்டு வாழ்த்துரை, சிறப்புரை, நன்றியுரை, விருந்துபசாரம். எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தபோது கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருந்தது. ஆனால் ஓரத்தில் பூக்கோலம் ஒன்று போட்டதும் சரியாகிவிட்டது.

நிரலைப் பார்த்த மேர்சி கேட்டார். "நான் எத்தனையாவது?"

"கடைசிக்கு முதல். நீங்கள்தான் சிறப்புரை."

"எனக்கு முன்னால் எட்டு விடயம் இருக்கிறதே."

"எல்லாம் சின்னச் சின்னது."

"நான் முதலிலேயே பேசிவிட்டால் என்ன?"

எனக்கு மனம் நொந்துவிட்டது. முதலில் பேசுபவர் கதிரைகளுக்குத்தான் பேசுவார். மண்டபம் நிறைந்து, குழந்தைகள் ஓடி அடங்கி, பின்வரிசைக்காரர் வெளியே போய் ஒரு தேநீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்து அமர்ந்த பிறகுதான் முக்கியமானவரை மேடையேற்றுவது எங்கள் வழக்கம். நான் அவருக்கு உச்சமான மரியாதை செய்கிறேன், அவருக்கு அது விளங்கவில்லையே என்று நினைத்தேன்.

"அவர் ஐம்பதுக்குப் போய்விட்டால்?" என்றார் மேர்சி.

"போகமாட்டார். சாப்பிட ரோல்ஸ் இருக்கிறது."

முதல் நாள் பின்னேரம் வீட்டில் அலுமாரியைக் கிண்டிக்கொண்டிருந்தேன்.

"இஞ்சாருங்கோ, என்ன தேடுறியள்?" என்றாள் வதனி.

"பொன்னாடை."

லண்டனில் பொன்னாடைகள் யாருக்கும் சொந்தமில்லை. இன்று எனக்குப் போர்த்தியதை நான் நாளை இன்னொருவருக்குப் போர்த்துவேன், அவர் வேறொருவருக்குப் போர்த்துவார். என்னிடம் அப்போது மூன்று தங்கியிருந்தன.

"ஆருக்கு?"

"எங்கடை மருத்துவ இயக்குநருக்கு."

"அந்த வெள்ளைக்கார மனுசிக்கோ? அவ அதை வைச்சு என்ன செய்யிறது?"

"ஒரு மரியாதையப்பா."

"மரியாதை எண்டால் அவ சொன்ன நேரத்துக்கு விடுங்கோ. எங்கடை சங்கக் கூட்டம் எண்டு நினைச்சுக்கொண்டு போய் நிண்டிடாதேங்கோ."

மனைவி சொல்வதைக் கேட்கக்கூடாது என்று எனக்கு எந்தக் கொள்கையும் கிடையாது. அந்த நேரம் நான் வரவேற்புரையின் மூன்றாம் பக்கத்தை மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

மறுநாள் மூன்றாம் மாடியில் கூட்ட அறை. பன்னிரண்டு இருபத்தெட்டுக்கே இயக்குநர் வந்து முன்வரிசையில் அமர்ந்துவிட்டார். அறையில் அவர், நான், மடிக்கணினியோடு மேர்சி, இன்னும் இரண்டு வைத்தியர்கள், இருபத்தைந்து வெறும் கதிரைகள். மற்றவர்கள் வார்டில் நின்றார்கள். (எங்களுக்கு நேரம் ஒதுக்குவதில்லை என்பதுதானே எங்கள் முறைப்பாடே. அதை அந்தக் கதிரைகள் என்னைவிட நன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தன.) நான் இயக்குநரிடம் போய், "எல்லோரும் வந்துகொண்டிருக்கிறார்கள், ஐந்து நிமிடத்தில் தொடங்கிவிடுவோம்" என்றேன். அவர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நல்ல கடிகாரம்.

பன்னிரண்டு முப்பத்தாறுக்குத் தொடங்கினேன். மங்கள விளக்கேற்றல். இந்த இடத்தில் நீங்கள் தீ அலாரம் அடித்து வைத்தியசாலையையே வெளியேற்றினார்கள் என்று எதிர்பார்ப்பீர்கள். இல்லை. நான் அவ்வளவு முட்டாள் அல்ல. பற்றரியில் எரியும் விளக்கு கொண்டுபோயிருந்தேன். இயக்குநரிடம் அதைக் கொடுத்து சுவிட்சைக் காட்டினேன். அவர் அழுத்தினார். எரியவில்லை. அடியைத் திறந்து பற்றரியைத் திருப்பிப் போட்டோம். அதற்கு இரண்டு நிமிடம்.

அடுத்தது அகவணக்கம். கொரோனாக் காலத்தில் போய்விட்ட எங்கள் சக வைத்தியர்களுக்காக ஒரு நிமிடம் எழுந்து நின்றோம். அந்த ஒரு நிமிடத்துக்காக மட்டும் நான் இன்றைக்கும் வெட்கப்படவில்லை. போனவர்களில் இரண்டு பேர் எங்கள் வகைதான், கோப்புச் சேர்த்துக்கொண்டிருந்தவர்கள்.

பிறகு வரவேற்புரை. இயக்குநரை வரவேற்றேன், வந்திருந்தவர்களைப் பெயர் சொல்லி வரவேற்றேன், வராதவர்களையும் வந்துகொண்டிருப்பதாக எண்ணி வரவேற்றேன். அது முடிந்ததும் அறிமுகம். "எங்கள் பிரதம விருந்தினருக்கு அறிமுகம் தேவையில்லை" என்று தொடங்கி ஐந்து நிமிடம் அறிமுகம் செய்தேன். வைத்தியசாலை இணையத்தளத்தில் இருந்ததை அப்படியே பாடமாக்கியிருந்தேன். எங்கே பிறந்தார், எங்கே படித்தார், எந்த வருடம் எந்தப் பதவி, ஓய்வு நேரத்தில் தோட்டம் செய்வார் என்பது வரைக்கும் அவருக்கே எடுத்துச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். நடுவில் மேர்சி தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். உற்சாகப்படுத்துகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

பொன்னாடை போர்த்தும்போது பன்னிரண்டு நாற்பத்தொன்பது. படம் எடுத்தோம். முதல் படத்தில் நான் கண்ணை மூடியிருந்ததால் இன்னொன்று எடுத்தோம். பிறகு நான் தலைமையுரைக்காகத் தொண்டையைச் செருமினேன். இயக்குநர் எழுந்தார்.

"மிகவும் இனிமையாக இருந்தது. மன்னிக்கவேண்டும், எனக்கு அடுத்த கூட்டம் இருக்கிறது."

எங்கள் ஆட்கள் எழும்புவது, யாராவது பிடித்துத் திரும்ப இருத்துவார்கள் என்றுதான். நான் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வழியில் நின்றேன். "சாப்பிடாமல் போகக்கூடாது" என்றேன். ஒரு தட்டில் இரண்டு ஆட்டிறைச்சி ரோல்ஸும் கடலை வடையும் வைத்து நீட்டினேன். அவர் இரண்டு ரோல்ஸை மட்டும் கடதாசியில் சுற்றி எடுத்துக்கொண்டு, பொன்னாடையோடு, கதவைத் திறந்து போய்விட்டார். உண்மையாகவே போய்விட்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது, இருபது நிமிடம் என்றால் அந்த மனுசிக்கு இருபது நிமிடம்தான்.

திரும்பிப் பார்த்தேன். மேர்சி மடிக்கணினியின் பக்கத்தில் நின்றார். திரையில் அவருடைய உரையின் முதல் பக்கம் ஒளிர்ந்துகொண்டிருந்தது. 'எங்கள் வேண்டுகோள் ஒன்றே ஒன்று.'

"ஓடுங்கள்" என்றார் மேர்சி. "மூன்று மாதம், தீவிர சிகிச்சைப் பிரிவு, என் இடத்துக்கு ஆள். ஒரே வசனம். ஓடிப் போய்ச் சொல்லுங்கள்."

ஓடினேன். இயக்குநர் லிப்டுக்குள் நின்றார். என்னைக் கண்டதும் பொத்தானை அழுத்திக் கதவைத் திறந்தே வைத்திருந்தார். இதுதான் எனக்கு இன்றும் தாங்கமுடியாத பகுதி. அவரே கேட்டார். "என்னிடம் ஏதாவது கேட்க விரும்பினீர்களா?"

கேட்டிருக்கலாம். ஒரே வசனம். மேர்சியின் ஒன்பது வருடம் அந்த வசனத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. நான் மூச்சை இழுத்து, கைகளைக் கட்டி, ஆங்கிலத்தில் இப்படித் தொடங்கினேன். "முதற்கண், தங்களுடைய கடுமையான வேலைப்பளுவின் மத்தியிலும் எமது அழைப்பை ஏற்று இங்கு வருகை தந்து..."

கதவு மூடிக்கொண்டது. பொத்தானை எவ்வளவு நேரம்தான் அழுத்திக்கொண்டு நிற்பது? லிப்ட் கீழே போய்விட்டது. நான் வசனத்தை முடித்தேன். நடுவில் நிறுத்த வரவில்லை. பக்கத்தில் சக்கரநாற்காலியோடு நின்ற ஊழியர் ஒருவர் மரியாதைக்காக "நன்றி" என்றார்.

மேர்சி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். கதிரையில் அமர்ந்து ஒரு ரோல்ஸை முழுவதும் சாப்பிட்டுவிட்டு, "எங்கள் சேர்ச்சில் ஆராதனை நாலு மணித்தியாலம் போகும்" என்றார். "நீளம் எனக்குப் பழக்கம்தான். ஆனால் யாருக்கு என்ன தேவை என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் பாடத் தொடங்குவோம்." பிறகு மடிக்கணினியை மூடிக்கொண்டு வார்டுக்குப் போனார். எனக்கு அழுகை வந்தது. மற்றவர்களுக்கு அது தெரியாமலிருக்கக் கதிரைகளை அடுக்கினேன்.

ஒரு வாரம் கழித்து இயக்குநரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அந்த அழகிய கலாசார நிகழ்வைத் தான் மிகவும் ரசித்ததாகவும், அதை வருடாவருடம் நடத்த வைத்தியசாலை முழு ஆதரவு தருமென்றும், பொறுப்பை நானே ஏற்கவேண்டுமென்றும் எழுதியிருந்தார். எங்கள் பயிற்சிக்காகக் கூட்டிய கூட்டத்தில் எங்களுக்குக் கிடைத்தது இன்னொரு விழா.

மேர்சி அதோடு விடவில்லை. அடுத்த கிழமை தேநீர் வரிசையில் இயக்குநருக்குப் பின்னால் போய் நின்று, நேரடியாகக் கேட்டுவிட்டார். இயக்குநர் ஆச்சரியப்பட்டாராம். "அன்றைக்கு இதைத்தானா கேட்க இருந்தீர்கள்? செய்யலாமே." செய்யலாம்தான். ஆனால் அந்தச் சுற்றுக்கான வேலைப்பட்டியல் இரண்டு நாளுக்கு முன்புதான் முடிவாகியிருந்தது. அடுத்த இடம் ஆறு மாதம் கழித்து, புது வருடத்தில். அதற்குள் கோப்பில் பாதி பழசாகிவிட்டது. என் வரவேற்புரைக்கும் ஒரு அறிமுகத்துக்கும் ஒரு பற்றரி விளக்குக்குமாக மேர்சிக்குப் போனது ஒரு வருடம்.

அந்த வருடம் அவருடைய சனி, ஞாயிறு ஷிப்டுகளில் என்னால் முடிந்ததையெல்லாம் நான் எடுத்தேன், அவர் வீட்டிலிருந்து சான்றுகளைத் திரும்பச் சேர்க்கட்டும் என்று. "இந்தச் சனிக்கிழமை நான் நிற்கிறேன்" என்று மட்டும் சொன்னேன். முன்னுரை எதுவும் சொல்லவில்லை. மேர்சி இப்போது எங்கள் பிரிவில் கொன்சல்டன்ட். எங்களைப் போன்ற எல்லோருக்கும் வாரத்தில் அரை நாள் படிப்புக்கென்று வாங்கித் தந்ததும் அவர்தான். அதையும் யாரிடமோ ஒரே வசனத்தில் கேட்டிருப்பார். வருடாந்தக் கலாசார நிகழ்வில் அவர் முதல் வரிசையில் அமர்வார், கையில் கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு.

அன்று லிப்டில் நடந்ததை வீட்டில் சொன்னபோது வதனி படிக்கட்டில் அமர்ந்துவிட்டாள், சிரிப்பு அடங்கவில்லை. மகள் அபிக்கு அப்போது பதினொரு வயது. அன்றைக்கே இரண்டு உள்ளங்கைகளையும் முகத்துக்கு முன்னால் விரித்து மெதுவாக ஒன்றுசேர்த்துக் காட்டினாள். "அப்பா, லிப்ட் பூட்டுது!" அதிலிருந்து நான் எதையாவது சுற்றி வளைத்துச் சொல்லத் தொடங்கினால் போதும், எங்கள் வீட்டில் கதவு மூடிவிடும். உப்புக் கேட்கத் தொடங்கினாலும் மூடும்.

என் மாமனாருக்கு எண்பதாவது பிறந்தநாள் வந்தது. சவுத்தாலில் மண்டபம். அழைப்பிதழில் ஆறு மணி என்று போட்டிருந்தோம். ஆறு மணிக்கு வந்தவர் மேர்சி ஒருவர்தான், மண்டபக்காரரோடு சேர்ந்து மேசைவிரிப்பு விரித்துக் கொடுத்தாராம். எட்டரைக்கு மண்டபம் நிறைந்தது. என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். மைக்கை வாங்கினேன். மாமா முன்வரிசையில் வேட்டி சால்வையோடு, நான் பேசுவதை ரசிப்பதற்கென்றே கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தார். "மதிப்புக்குரிய" என்று தொடங்கும்போதே பார்த்தேன். பின்வரிசையில் அபியின் இரண்டு கைகளும் மேலே எழுந்துவிட்டன. அவள் பக்கத்தில் மேர்சி. அவருடைய கைகளும் மேலே. இரண்டு லிப்டுகளும் ஒரே நேரத்தில் மூடத் தொடங்கின.

மூன்று வசனத்தில் முடித்தேன். மாமா நல்ல மனிதர் என்றேன், நீடூழி வாழவேண்டும் என்றேன், சாப்பாடு தயார் என்றேன். மண்டபமே எழுந்து கைதட்டியது. என் வாழ்க்கையில் எந்த உரைக்கும் அப்படிக் கைதட்டல் கிடைத்ததில்லை. சாப்பிடும்போது மேர்சி வந்து என் முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

மாமா மட்டும் சாப்பிடவில்லை. பக்கத்தில் போய் அமர்ந்தேன்.

"ஏன் மாமா, சுகமில்லையோ?"

"தம்பி, எனக்கு எண்பது வயசு."

"ஓம் மாமா."

"மற்றவையின்ரை விழாவிலை எல்லாம் மணித்தியாலக் கணக்கிலை நிண்டு பேசுவீர். என்னைப்பற்றிச் சொல்ல உமக்கு மூண்டு வசனந்தானோ கிடைச்சது?"

லிப்ட் கதையை அவருக்கு எப்படி விளக்குவது? விளக்கத் தொடங்கினேன். நீண்டுபோனது. அதையும் அவர் நம்பவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் நாங்கள் வெஸ்ட் ஈலிங்கில் அவருடைய வீட்டுக்குப் போகும்போது, தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, என் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு அமர்வார். "எங்கை, என்னைப்பற்றி மிச்சத்தைச் சொல்லும்" என்பார். அபியும் வதனியும் சமையலறை வாசலில் நின்று கைகளை மூடி மூடிக் காட்டுவார்கள். எனக்கு நிறுத்த அனுமதி இல்லை. இதுவரைக்கும் அவருடைய முப்பத்திரண்டாவது வயதுக்கு வந்திருக்கிறேன்.